பித்தளை விளக்கைப் படம் எடுத்தால் விளக்குக்குள் நான் நிற்கிறேன், என்ன செய்வது?

குடந்தைப் பித்தளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை, மாமனார் காலத்தது. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, தூபக்கால், பஞ்சபாத்திரம் உத்தரணி, டபரா செட் என்று எல்லாமே பித்தளைச் சரக்கு. கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், ஆன்லைன் விற்பனை என் தலையில். பேக்கிங், கூரியர், ஜிஎஸ்டி எல்லாம்கூடப் பழகிவிட்டது. இந்தப் படம் எடுப்பதுதான் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

ஹாலில் வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் குத்துவிளக்கை வைத்து எடுத்தேன். தண்டில் நான் நைட்டியோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அடித்தட்டில் ஜன்னல் கம்பி அத்தனையும் வரிசையாகத் தெரிகிறது. எண்ணெய் விடும் குழியைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீலிங் ஃபேன்! மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் வெயில் பட்ட பக்கம் வெளிறிப்போகிறது, மறுபக்கம் வானத்து நீலம் ஏறிக்கொள்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஓரளவு தேறிய படத்தை ஏற்றினால், பின்னணி வெள்ளையாக இல்லை என்று தளத்தில் திருப்பிவிட்டார்கள். என் கண்ணுக்கு அது வெள்ளைதான்.

நிறத்திலும் பிரச்சினை. ஒரே விளக்கு, ஒரு படத்தில் தங்கம் மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் பச்சை பாய்ந்து பழைய இரும்புக்கடைச் சரக்கு போல் இருக்கிறது. "படத்தில் பார்த்த கலர் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அரை அடி விளக்கை வாங்கிவிட்டு, "இவ்வளவு சின்னதா?" என்று திருப்பியவர்களும் உண்டு. அளவைத் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன், யார் படிக்கிறார்கள்? பித்தளை கனம் என்பதால் போக வரக் கூரியர் செலவிலேயே அந்த விளக்கின் லாபம் கரைந்துவிடுகிறது.

வெளியாளை வைத்து எடுக்கலாம் என்றால் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். எங்கள் சரக்கு எண்ணிக்கைக்குக் கட்டுப்படி ஆகாது. ஒரு மூவாயிரம் ரூபாய்வரை செலவழிக்கலாம். கையில் இருப்பது 50 மெகாபிக்சல் கேமரா உள்ள சாதாரண போன். எதை வாங்குவது, எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் பனியன்:

அக்கா, லைட் பாக்ஸ் என்று மடிக்கிற வெள்ளைப் பெட்டி விற்கிறது. உள்ளேயே எல்இடி இருக்கும். வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. குழந்தைகள் பனியன், ஜட்டி எல்லாம் நான் அதில்தான் எடுக்கிறேன். அப்புறம் பின்னணியை நீக்குகிற ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஒரு தட்டு தட்டினால் பின்னால் இருப்பதை வெட்டி வெள்ளையாக்கிவிடும். இதற்குப்போய் மூவாயிரம் எல்லாம் ஆகாது.

பழைய ஸ்டூடியோ:

அம்மா, அவசரப்பட்டு அந்தப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள். தம்பி சொன்னது பனியனுக்குச் சரி. துணி வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், பித்தளை அப்படியே திருப்பி அடிக்கும். விலை குறைந்த பெட்டியில் மேலே எல்இடி புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். விளக்கின் வளைவில் அந்தப் புள்ளி அத்தனையும் கோலப்புள்ளி வைத்ததுபோல் வரிசையாக விழும். உங்கள் நைட்டிக்குப் பதில் அது வரும், அவ்வளவுதான் லாபம். இரண்டடி விளக்கு அந்தப் பெட்டிக்குள் போகவும் போகாது.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் செல்போன் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பாத்திரக்கடை, கவரிங் கடைக்காரர்களுக்குச் சரக்குப் படம் எடுத்துக் கொடுத்துக் காலம் ஓடுகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பளபளக்கிற உலோகத்தின்மேல் வெளிச்சம் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் அது காட்டும். சுற்றிலும் ஹால் இருந்தால் ஹாலைக் காட்டும். சுற்றிலும் வெறும் வெள்ளை இருந்தால் வெள்ளையைக் காட்டும். ஆகவே விளக்கை விட்டுவிடுங்கள், விளக்கைச் சுற்றி ஒரு வெள்ளைக் கூடாரம் கட்டுங்கள். வெளிச்சம் அந்தக் கூடாரத்தின்மேல் வெளியிலிருந்து விழ வேண்டும்.

கூடாரத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் துணி காயப்போடுகிற மடக்கு ஸ்டாண்டு இருக்குமே, அதுதான் சட்டம். அதன் மேலும் இரண்டு பக்கமும் எட்டு முழ வேட்டியைப் போர்த்தித் துணி கிளிப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். கரை போட்ட பக்கத்தை வெளியே மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பச்சையோ மெரூனோ ஒரு கோடாகத் தண்டில் இறங்கும். இன்னொன்று, நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டவே வேண்டாம். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் பித்தளையில் படுகிற வெளிச்சம் எல்லாம் நீலமாகிவிடும். நீங்கள் சொல்கிற பச்சை பாய்ந்த நிறத்துக்குப் பாதிக் காரணம் இப்படி எங்கிருந்தாவது வருகிற நீலம்தான். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? பழுப்பேறிய பழைய வேட்டியும் ஆகாது. நீலமும் சோப்புத்தூள் வெண்மையும் ஏறாத சாதாரணப் பருத்தித் துணி போதும். துணிக்கடையில் வெள்ளை மல் கேட்டால் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

அடியிலும் பின்னாலும் ஒரே வெள்ளைச் சார்ட் பேப்பர். மேசையும் சுவரும் சேருகிற இடத்தில் மடிக்காமல் வளைவாக விட வேண்டும். மடிப்பு விழுந்தால் அது ஒரு கோடாகப் படத்தில் நிற்கும். பெரிய விளக்குக்கு ஸ்டேஷனரிக் கடையில் பெரிய சார்ட் கேட்டு வாங்கி, பின்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

கூடாரத்தின் முன்பக்கத்தையும் ஒரு துணியால் மூடுங்கள். நடுவில் போன் லென்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மட்டும் ஒரு கிழிசல். அப்போது விளக்கில் தெரியப்போவது ஒரு சின்னக் கருப்புப் புள்ளி, அதை ஆப்பில் துடைத்துவிடலாம். துணியைக் கிழிக்க மனம் வராவிட்டால் இரண்டு துண்டாகத் தொங்கவிட்டு நடுவில் இடைவெளி விடுங்கள். நீங்களும் அன்றைக்கு மட்டும் நைட்டிக்குப் பதில் கருப்பிலோ சாம்பலிலோ ஏதாவது உடுத்திக்கொள்ளுங்கள். ஃபேனை மறைக்கத்தான் மேலே வேட்டி.

வெளிச்சத்துக்கு உங்கள் வீட்டில் தாழ்வாரம் இருந்தால் அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. நேர் வெயில் விழாத, ஆனால் வெளிச்சம் தாராளமாக வருகிற இடம். காலை வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு எடுக்கலாம். லேசாக மேகம் போட்ட நாள் வந்தால் கடை வேலையை ஒத்திவைத்துவிட்டு எடுங்கள், வானமே பெரிய வேட்டி விரித்து வைத்திருக்கும். முக்கியமானது, இயற்கை வெளிச்சத்தில் எடுக்கும்போது வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் டியூப்லைட், நடுவில் பூஜையறை மஞ்சள் பல்பு என்று மூன்றும் கலந்தால் எந்த மென்பொருளாலும் நிறத்தைச் சரிசெய்ய முடியாது. ஒரு இடத்தைச் சரிசெய்தால் இன்னொரு இடம் கெடும்.

இரவில்தான் நேரம் கிடைக்கும் என்றால் இரண்டு எல்இடி பல்பு வாங்கிக்கொள்ளுங்கள், கூடாரத்துக்கு இரண்டு பக்கமும் வெளியே. அட்டையில் சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். அது நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு. வீட்டுக்கு வாங்குகிற மலிவு பல்பில் இது 80-ஐத் தொட்டாலே பெரிது, சிவப்பு கலந்த நிறமெல்லாம் செத்துப்போகும். பித்தளையின் சூடே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. எல்இடியில் எடுக்கும்போது படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்பு நொடிக்கு 100 தரம் துடிக்கிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும்.

போனில் செய்ய வேண்டியது. பளபளப்பாக்குகிற ஏஐ சீன், எச்டிஆர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். உங்கள் "தங்கம் மாதிரி" படம் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் நாமே அமைக்கிற ப்ரோ மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிப் பிடிக்கிற அளவு, குறைந்தபட்சம். வைட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற அமைப்பை, ஆட்டோவில் விடக் கூடாது. படம் நிறைய மஞ்சள் உலோகம் இருந்தால், இது ஏதோ மஞ்சள் பல்பு வெளிச்சம் போலிருக்கிறது என்று போன் தானாகவே நீலத்தைக் கூட்டிவிடும். விளக்கு வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அந்தத் தாள் திரையில் வெள்ளையாகத் தெரிகிறவரை வைட் பேலன்ஸின் கெல்வின் எண்ணை நகர்த்தி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு அன்றைக்கு முழுவதும் அதைத் தொட வேண்டாம்.

கிட்டே போய் எடுக்காதீர்கள். போனின் லென்ஸ் அகலமானது, பக்கத்தில் போனால் அடித்தட்டு பெருத்து, மேலே அன்னம் சிறுத்து, விளக்கு கோணலாகிவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம். லென்ஸ் விளக்கின் நடு உயரத்துக்கு இருக்கட்டும். போனுக்கு ஸ்டாண்டு ஒன்று அவசியம், உங்கள் மூவாயிரத்தில் முதல் செலவு அதுதான். போனைத் தொட்டால் ஆடும் என்பதால் டைமர் போட்டு எடுங்கள்.

இனி விளக்கு. புளி போட்டுத் தேய்த்துவிட்டு உடனே எடுப்பவர்கள் உண்டு. புளியின் புளிப்பு பித்தளையில் இருக்கிற துத்தநாகத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மேலே செம்பு நின்று இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கேமராவுக்கு நன்றாகத் தெரியும். புளிக்குப் பிறகு பீதாம்பரி மாதிரி ஏதாவது ஒரு பொடி போட்டுத் தேய்த்து, கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். பொடி சித்திர வேலைப்பாட்டின் இடுக்கில் வெள்ளையாகத் தங்கும், பழைய டூத் பிரஷ்தான் அதற்கு மருந்து. துடைத்த பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. ஒரு கைரேகையை ஆப்பில் நீக்குவதற்குள் பத்து விளக்கைத் துடைத்துவிடலாம். கவரிங் கடைக்காரர்கள் வெள்ளைக் கையுறை போடுவார்கள், நமக்குப் பழைய பனியன் துணி போதும். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி நீக்குகிற ஆப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்கின் ஓரத்தில் வெள்ளை பிரதிபலிக்கும் இடத்தை அது பின்னணி என்று நினைத்துக் கடித்துவிடும். தூபக்கால் கைப்பிடியின் ஓட்டை, தொங்கு விளக்கின் சங்கிலி இங்கெல்லாம் வெட்டு கண்றாவியாக இருக்கும். கடைசியில் ஒரு வேளை பயன்படலாம், முதலிலேயே அதை நம்பி எடுக்காதீர்கள்.

நீங்கள் எந்தத் தளம் என்று சொல்லவில்லை. அமேசான் எழுதி வைத்திருக்கிற விதிகளை ஒட்டி எடுத்தால் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் செல்லும். முதல் படத்தில் பின்னணி சுத்த வெள்ளை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255. பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். எழுத்து, லோகோ, வாட்டர்மார்க், கூடக் கொடுக்காத பொருள் எதுவும் இருக்கக் கூடாது. பூ வைத்து, குங்குமப் பொட்டு வைத்து எடுக்கிற ஆசையெல்லாம் இரண்டாவது படத்திலிருந்து. பெரிதாக்கிப் பார்க்கிற வசதி வேலை செய்ய நீளமான பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். நான் 2000-க்கு 2000 சதுரமாக வைத்துவிடுகிறேன்.

எடுத்த படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் படமாகப் போடாதீர்கள், நசுக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

ஈயச்சொம்பு அக்கா:

ஸ்டூடியோ அண்ணன் சொன்னதில் நான் கைவைக்கவில்லை. அளவுப் பிரச்சினைக்கு மட்டும் என் பங்கு.

நான் ஈயச்சொம்பு விற்கிறேன். எல்லா அளவுச் சொம்பும் முதல் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். 85 சதவீதம் நிறையவேண்டும் என்றால் கால் லிட்டர் சொம்பும் ஒரு லிட்டர் சொம்பும் ஒரே பருமன்தானே? வாங்குகிறவர் மனதில் அவரவர் வீட்டுச் சொம்புதான் இருக்கும். எண்ணை யாரும் படிப்பதில்லை என்று நீங்கள் சொன்னது உண்மை. அதனால் இரண்டாவது படத்திலேயே ஒரு ஆள் கையில் பிடித்திருப்பது போல் போடுகிறேன். விளக்குக்குத் தீப்பெட்டி வைத்துப் பாருங்கள். விளக்கும் தீப்பெட்டியும் சேர்ந்து இருப்பது யாருக்கும் உறுத்தாது, தீப்பெட்டி எவ்வளவு பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த படத்தில் உயரம், அடித்தட்டின் அகலம் இரண்டையும் அம்புக்குறி போட்டுச் சென்டிமீட்டரிலும் இன்ச்சிலும் எழுதுங்கள்.

பித்தளை வாங்குகிற ஆளுக்கு எடை முக்கியம். கடைக்கு வருகிறவர்கள் கையில் தூக்கிப் பார்த்துத்தானே விலை பேசுகிறார்கள்? விளக்கை எடை மெஷின்மேல் வைத்து, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் "ஏன் இவ்வளவு விலை" என்கிற கேள்வி எனக்கு இதற்குப் பிறகுதான் குறைந்தது. விளக்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஒரு படம். உள்ளே கூடா, கனமா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் குத்துவிளக்கு மரை போட்டுப் பிரிகிறதா? பிரித்துப் பாகம் பாகமாக வரிசையில் அடுக்கி ஒன்று.

எனக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு. ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கிவிட்டு, போலிச் சரக்கு என்று ஒற்றை ஸ்டார் போடுவார்கள். "ரசம் ஊற்றிய பிறகே அடுப்பில் வையுங்கள், தீயைக் குறைத்து வையுங்கள்" என்பதை ஒரு படமாகவே செய்து மூன்றாவதாக வைத்துவிட்டேன். விளக்கத்தைப் படிக்காதவர்களும் படத்தைத் தள்ளிப் பார்க்கிறார்கள்.

குடந்தைப் பித்தளை:

ஸ்டூடியோ ஐயாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. தாழ்வாரத்தில் துணி ஸ்டாண்டு, வேட்டி எல்லாம் கட்டிப் பார்த்தேன். மாமியார் "யாருக்குத் தொட்டில் கட்டுகிறாய்" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் போய்விட்டேன், ஃபேனும் போய்விட்டது. நிறமும் கடையில் பார்க்கிற மாதிரியே வருகிறது.

இப்போது புதுப் பிரச்சினை. விளக்கின் ஓரம் வெள்ளையில் கரைந்துபோகிறது. தண்டு எங்கே முடிகிறது, பேப்பர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, உருண்டையாக இருக்க வேண்டிய தண்டு தட்டையாகத் தெரிகிறது. பின்னணியும் வெள்ளை வரவில்லை, சாம்பலாக இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் விளக்கு வெளிறிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவர முடியாதா? அப்புறம், விளக்கை ஏற்றி வைத்து ஒரு படம் வேண்டும். சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது. வார்ப்பில் அங்கங்கே ஊசிக் குத்து மாதிரி சின்னக் குழி இருக்கும், அதைப் படத்தில் மறைக்கலாமா?

பழைய ஸ்டூடியோ:

தொட்டில் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுற்றிலும் வெள்ளை ஆகிவிட்டதால் விளக்குக்குக் காட்ட எதுவும் இல்லை, அதனால்தான் தட்டை. இப்போது அதற்குக் கொஞ்சம் கருப்பைக் காட்ட வேண்டும்.

கருப்புச் சார்ட்டை நாலு விரல் அகலத்துக்கு, விளக்கின் உயரத்துக்கு, இரண்டு பட்டையாக வெட்டுங்கள். கூடாரத்துக்குள் விளக்கின் இடமும் வலமும், படத்தில் விழாத தூரத்தில், ஒவ்வொன்றையும் நிறுத்துங்கள். சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு டம்ளரை முட்டுக்கொடுக்கலாம். தண்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய கருங்கோடு விழும். பட்டையைக் கிட்டே நகர்த்தினால் கோடு தடிக்கும், தள்ளினால் மெலியும். போன் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆள் நகர்த்தினால், வெள்ளைக்குள் கரைந்திருந்த தண்டு ஒரு இடத்தில் சட்டென்று உருண்டு எழுந்து நிற்பது தெரியும். அங்கே நிறுத்துங்கள். ஸ்டூடியோவில் ஒயின் பாட்டில், கண்ணாடி டம்ளர் எல்லாவற்றுக்கும் இதே கைதான். எண்ணெய்க் குழிக்கு உள்ளேயும் ஆழம் தெரியவில்லை என்றால் கூடாரத்தின் மேல்பக்கம் ஒரு சின்னக் கருப்புத் துண்டு வைத்துப் பாருங்கள். அதிகம் வேண்டாம், அதிகமானால் கரி பிடித்த மாதிரி ஆகிவிடும்.

சாம்பல் பின்னணிக்குக் காரணம் போன். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது குறைத்துவிடும். நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டியதால் விளக்கு வெளிறியது. விளக்கைப் பின்னால் இருக்கிற பேப்பரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். கூடாரத்தின் பின்பக்கம் திறந்திருக்கட்டும், அங்கே வெளிச்சம் நேரடியாகப் பேப்பரில் விழட்டும். இரவில் என்றால் ஒரு பல்பைப் பேப்பருக்கு என்று தனியாக ஒதுக்கிவிடுங்கள். விளக்குக்கு ஏற்றபடி எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, வைத்து, பேப்பர் தானாக வெள்ளைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும். மிச்சத்தை ஸ்னாப்சீடில் முடித்துக்கொள்ளலாம், இலவசம்தான். அதில் கர்வ்ஸ் என்று இருக்கும், கோட்டின் மேல் மூலையைக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தால் ஏறக்குறைய வெள்ளையாக இருப்பதெல்லாம் முழு வெள்ளையாகும். விளக்கின் வெளிச்சப் பகுதியில் இருக்கிற வேலைப்பாடு அழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இழுங்கள், அழியத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். மூலைகள் மட்டும் இன்னும் சாம்பலாக இருந்தால் அங்கே தனியாக வெளிச்சம் ஏற்றலாம். அடித்தட்டுக்குக் கீழே விழுகிற லேசான நிழலை மட்டும் அழிக்காதீர்கள், அது இல்லாவிட்டால் விளக்கு அந்தரத்தில் மிதக்கும்.

சரிபார்க்கும்போது போனில் கண் பாதுகாப்பு என்று திரையை மஞ்சளாக்குகிற வசதியை அணைத்திருக்க வேண்டும், நிறத்தைத் தூக்கிக் காட்டுகிற விவிட் மோடையும்தான். அதில் பார்த்து நிறத்தைத் திருத்தினால் உங்கள் வீட்டுப் போனில் மட்டும்தான் சரியாக இருக்கும். உண்மையான விளக்கைப் பகல் வெளிச்சத்தில் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சரக்கு வருகிற இடம் மாறினால் படத்தையும் மாற்றுங்கள். செம்பு கூடிய பித்தளை சிவந்திருக்கும், துத்தநாகம் கூடினால் வெளிறியிருக்கும். ஒரே அச்சில் வார்த்த விளக்கானாலும் நிறம் ஒன்றாக இருக்காது.

ஏற்றிய விளக்குக்கு இந்தக் கூடாரமே வேண்டாம், பூஜையறைக்கே கொண்டுபோங்கள். பொழுது சாய்கிற நேரம், ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போது எடுக்க வேண்டும். முழு இருட்டில் எடுத்தால் சுடர் மட்டும் தெரியும், விளக்கு தெரியாது. ஃபேனை நிறுத்திவிட்டு, திரியை எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, நுனியை மட்டும் சின்னதாக வெளியே விடுங்கள். திரி நீண்டால் புகையும், படத்தில் சுடர் அலைபாயும். போன் திரையில் சுடரைத் தொட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுத்து, சுடரின் மஞ்சள் திரும்பி வரும் இடத்தில் எடுங்கள். ஐந்து முகத்தில் ஒரு முகம் கேமராவுக்கு நேராக இருக்கட்டும், அப்போது மற்ற நாலும் இரண்டு பக்கமும் சமமாக விரியும்.

ஊசிக் குழியை மறைக்காதீர்கள். மண் அச்சில் வார்த்தால் அது வரத்தான் செய்யும். ஒன்றிரண்டு குழி தெரிகிற இடத்தைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டு, "கையால் வார்த்தது, இப்படி இருக்கும்" என்று எழுதுங்கள். அதற்கு உங்கள் போனில் கிட்டத்தில் எடுக்கிற 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதை எடுக்காதீர்கள், கணக்குக் காட்ட வைத்தது அது. பெரிய லென்ஸிலேயே கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அங்கே வார்த்த சரக்கு என்றால் மட்டும் படத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள். பக்கத்து ஊர்தானே என்று எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள்.

திருப்பூர் பனியன்:

ஐயா, கோபம் இல்லை. ஆனால் ஏற்றிய விளக்குக்கு இவ்வளவு பாடு எதற்கு? வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை ஏஐயிடம் கொடுத்து "பூஜையறையில் வைத்து ஏற்றிக் காட்டு" என்றால் கோலம், மாவிலை எல்லாம் போட்டுத் தந்துவிடுகிறது.

பழைய ஸ்டூடியோ:

தருகிறது தம்பி, நானும் பார்த்தேன். தெரிந்த கடைக்காரர் ஒருவர் அப்படிச் செய்து கொண்டுவந்து காட்டினார். கோலம் அற்புதம். ஆனால் ஐந்து முகம் ஆறு முகமாகியிருந்தது, அன்னத்தின் அலகு கிளி மூக்காக மாறியிருந்தது. பின்னணியை மட்டும் மாற்றச் சொன்னாலும் பொருளையும் ஒரு கை பார்த்துவிடுகிறது. வாங்கியவர் படத்தையும் விளக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திருப்பி அனுப்ப அவருக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். பனியனில் ஒரு தையல் கூடினால் யாரும் எண்ணப்போவதில்லை. விளக்கின் முகத்தை எண்ணுவார்கள்.

செய்தே தீர வேண்டும் என்றால், விளக்கை அதன்கையில் கொடுக்காமல், வெறும் பின்னணியை மட்டும் தனியாகச் செய்து வாங்கி, அதன்மேல் உங்கள் படத்தை ஒட்டிக்கொள்ளுங்கள். பித்தளையில் அந்தப் பூஜையறையின் பிரதிபலிப்பு இருக்காது, கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். அதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்கி நிஜமாகவே ஏற்றி எடுப்பது குறைந்த வேலை.

ஈயச்சொம்பு அக்கா:

அண்ணே, என் சொம்புக்கும் இந்தக் கூடாரம் வேண்டுமா? ஈயம் அவ்வளவு பளபளக்காதே.

பழைய ஸ்டூடியோ:

வேண்டாம். மங்கலான உலோகத்துக்குக் கூடாரம் கட்டினால் செத்துப்போன மாதிரி இருக்கும். ஒரே பக்கத்திலிருந்து ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை, அவ்வளவுதான். சொம்பைத் தட்டி உருவாக்கிய தழும்பு தெரிய வேண்டுமானால், வெளிச்சம் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற மாதிரி சொம்பை நகர்த்தி வையுங்கள். மல் துணி, கருப்புச் சார்ட் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை, அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டாண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.